துளையிட்ட பித்தளை வில்லை

மாலைதோறும் தாமதமாக வீடு திரும்பும் கணவரின் சட்டைப்பையில் கிடைத்த துளையிட்ட பித்தளை வில்லையைச் சூதாட்டக் காசென்றே அஞ்சிய மனைவி, அதைப் பழங்காசு வணிகரிடம் காட்டினாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

“குளோரின் வாடைம்மா. நீச்சல்குளத்துல துணி வைக்கிற பெட்டிக்குக் கொடுக்கிற வில்லை இது. திருப்பித் தர மறந்துட்டாரு போல.”

“அவரா? வாளித் தண்ணிக்கே பயப்படுற மனுஷனாச்சே.”

“அப்போ கத்துக்கப் போறாரு.”

சென்ற கோடையில் பேத்தி கடலுக்குள் கூப்பிட்டபோது அவர் கரையிலேயே நின்றதும், அதைப் பார்த்துத் தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்ததும் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

அன்று மாலை அவர் ஈரத்தலையுடன் நுழைந்தார்.

“மழையாங்க?”

“வழியில லேசா.”

வெளியே தெருவெல்லாம் காய்ந்து கிடந்தது. மறுநாள் அவர் கொண்டுபோகும் பைக்குள் வில்லையோடு ஒரு துண்டையும் மடித்து வைத்தாள்.