மூன்றாவது ஸ்டாப்பில் பனி கொட்டிய ஃப்ளெக்ஸ்

சித்திரை பதினோராம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, திருநகர் மூன்றாவது ஸ்டாப்புக்கு எதிரே கட்டியிருந்த பன்னிரண்டுக்கு இருபது அடி ஃப்ளெக்ஸிலிருந்து பனி கொட்டத் தொடங்கியது. அன்று மதுரையில் வெயில் நூற்று நான்கு டிகிரி, இளநீர் அறுபது ரூபாய். பனி ஃப்ளெக்ஸின் அகலத்துக்குத்தான் விழுந்தது. இருபது அடிக்கு அப்பால் ஒரு துளி இல்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை நகர்த்தி அதற்குள் நிறுத்திக்கொண்டார்கள். புரோட்டாக் கடைக்காரர் தன் வாசலில் விழுந்ததை விளக்குமாற்றால் சாக்கடையில் தள்ளினார். ஜிகர்தண்டா வண்டிக்காரர் வாளியில் அள்ளி வைத்துப் பத்துப் பதினைந்து பேருக்கு ஊற்றினார். மீன் வாடை அடிக்கிறது என்று யாரோ சொன்னதும் நிறுத்திவிட்டார்.

ஃப்ளெக்ஸில் இருந்தவர் அழகுராஜா. வயது நாற்பத்தொன்பது, திருமங்கலம் ரோட்டில் மனை விற்பவர். ஒரு முறை தாய்லாந்துக்கு நாலு நாள் போய் யானைமேல் உட்கார்ந்து வந்ததிலிருந்து தன்னை ‘சர்வதேச சாகசப் பயணி’ என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டார். அதன்பின் நயாகராவைப் பற்றியும் அமேசான் காட்டைப் பற்றியும் கிளிமஞ்சாரோ ஏறும்போது மூச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதைப் பற்றியும் டீக்கடையில் அவர் பேசாத நாள் கிடையாது. பாஸ்போர்ட்டில் தாய்லாந்து முத்திரையைத் தவிர ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மனைக்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்பவர்கள்கூட இதைக் கேட்கவில்லை. அவருக்காக ஒரு பாசறையும் இருந்தது. அதன் தலைவர் பேச்சிமுத்துவுக்கு, அண்ணனுக்கு ஃப்ளெக்ஸ் கட்டுவதைத் தவிர வேறு வேலை இருந்ததாகத் தகவல் இல்லை.

அந்த ஆண்டு அழகுராஜா உண்மையிலேயே அண்டார்டிகாவுக்குப் பதிவு செய்தார். மாட்டுத்தாவணிப் பக்கம் மாடியில் இருந்த ஒரு டிராவல்ஸ்காரர், சித்திரை மாதம் கப்பல் என்று சொல்லி ரசீது கொடுத்தார். நம் ஊரில் ஒருவர் புறப்படுமுன்பே அவர் திரும்பி வருவதற்கான ஃப்ளெக்ஸ் தயாராகிவிடும். கட்டுக்கம்பு கிடைக்கும்போது கட்டிவிட வேண்டும். ஆகவே புறப்பட நான்கு நாள் இருக்கும்போதே ‘அண்டார்டிகாவை வென்று திரும்பும் அஞ்சாநெஞ்சரே வருக’ ஏறிவிட்டது. ஒன்பது அடி உயரத்தில் அழகுராஜா; வெள்ளைச் சட்டை, தங்கக் காப்பு, கும்பிட்ட கை. அது எல்லா ஃப்ளெக்ஸுக்கும் பயன்படும் ஒரே படம். அதில் இடுப்புக்குக் கீழே இல்லாததால், டிசைனர் விக்ரம் ஒரு வெள்ளைக்காரனின் ஆரஞ்சு நிறப் பனிக் கால்சட்டையையும் பூட்ஸையும் வெட்டி ஒட்டியிருந்தான். சுற்றி ஆறு பென்குயின்கள். புறப்படும் அன்று காலையில்தான், அந்த மாதத்தில் அங்கே கப்பலே போவதில்லை, குளிர்காலம் தொடங்கிவிடும் என்பது தெரிந்தது. டிராவல்ஸ்காரரின் போன் அணைந்திருந்தது.

ஃப்ளெக்ஸைக் கழற்றியிருக்கலாம். கட்டிய ஃப்ளெக்ஸைத் தானே கழற்றியவர் என்ற பேர் அண்டார்டிகாவுக்குப் போகாதவர் என்ற பேரைவிட மோசமானது. அழகுராஜா பெட்டியோடு வாசலில் எல்லோரிடமும் கும்பிட்டு விடைபெற்று, காரில் ஏறி, தெருவைச் சுற்றி, கொல்லைப்புற வழியாக வந்து மாடி அறையில் உட்கார்ந்துகொண்டார். பதினாலு நாள் யார் கண்ணிலும் படக்கூடாது. அவர் மனைவி செல்லக்கிளி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், மூன்று வேளையும் தட்டை மேலே கொண்டுபோனார். கேட்பவர்களிடம், அங்கே சிக்னல் இல்லை என்றார். அது பொய்யில்லை, மாடி அறையில் சிக்னல் கிடையாது.

உள்ளே அவர் சும்மா இருக்கவில்லை. திரும்பி வந்ததும் சொல்ல வேண்டிய அனுபவங்களுக்காக, ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த வீடியோக்களைப் பார்த்தார். பனிமலை உடைந்து கடலில் விழுவதை நாளுக்கு நாற்பது தடவை பார்த்தார். ஐந்தாம் நாளிலிருந்து போர்வை கேட்டார். எட்டாம் நாள் தட்டில் சோறு உறைந்திருந்ததை டீச்சர் பார்த்தார். பழைய சோறு என்று நினைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள், அதாவது சித்திரை பதினொன்று காலையில், உட்பக்கம் தாழ்போட்ட கதவை உடைத்துத் திறந்தபோது, தரையில் லுங்கி வட்டமாகக் கழன்று கிடந்தது, அதன் நடுவில் பனியன். போன் கட்டிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. அதே நேரத்தில்தான் மூன்றாவது ஸ்டாப்பில் பனி கொட்டியது.

பாசறைக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. “அண்ணன் போய்ச் சேந்துட்டாரு, அதான் லைவ் காட்டுறாரு” என்று பேச்சிமுத்து வெடி போட்டார். செல்லக்கிளி டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். சட்டைக் காலர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அந்த உருவம் கொஞ்சம் சிறுத்திருந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்து டேப்பைக் கொண்டுவந்து, ஒரு வாரம் தினமும் ஆட்டோ மேல் ஏறி நின்று அளந்தார். வாரத்துக்கு ஆறேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். அழகுராஜா பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார், நம்மைப் பார்த்துச் சிரித்தபடி, கும்பிட்டபடி. டீச்சர் நோட்டில் வகுத்துப் பார்த்தார். சரியாகப் பதினேழு வாரத்தில், ஆவணி ஐந்தாம் தேதி, உயரம் பூஜ்ஜியம். ஆவணி ஐந்து அவர்கள் மகள் ரோகிணியின் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று. அப்பா கைபிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்காமல் மணையில் உட்கார மாட்டேன் என்று ரோகிணி சொல்லிவிட்டாள்.

போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். காணாமல்போனவரைக் கடைசியாகப் பார்த்த இடம் என்ற இடத்தில் ‘அதோ’ என்று எழுத முடியாது என்றார்கள். வைகாசியில், அனுமதி வாங்காத ஃப்ளெக்ஸ்களை அகற்றும் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் சுருட்டினார்கள். கழற்றிய ஃப்ளெக்ஸ் நம் பக்கத்தில் வீணாவதில்லை. மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், நெல்லுக்கு மூடாக்காகும். அழகுராஜாவைச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் காளை வாங்கிப்போய், பறித்த இலையை அடுக்கி வைக்கும் கொட்டகைக்கு மேற்குச் சுவராகக் கட்டினார். இலை பத்து நாள் வாடவில்லை என்பதால் பனியைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செல்லக்கிளி டீச்சர் தேடிக் கண்டுபிடித்து, ஞாயிறுதோறும் பஸ் ஏறி டேப்போடு போனார். அவர் அளப்பதைக் காளை தூரத்தில் நின்று பார்ப்பார், பக்கத்தில் வரமாட்டார். மத்தியானம் கொடிக்காலில் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில் ஃப்ளெக்ஸுக்குள் எங்கோ ஆழத்தில் பெரிய மரம் முறிவதுபோலக் கேட்கும். ஆனி மாதம் படத்திலிருந்த அழகுராஜா முதுகைக் காட்டிவிட்டார். அப்போதும் கையைப் பிரிக்கவில்லை. முதுகுக்கு இரண்டு பக்கமும் முழங்கைகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. அதே வாரம் ஆறு பென்குயின்களும் இந்தப் பக்கமாகத் திரும்பின. “டீச்சர், அந்தக் குருவிக என்னையவே பாக்குதுக. நான் இங்கிட்டு நவுந்தா இங்கிட்டுப் பாக்குதுக” என்றார் காளை. அவர் பயந்தவர் என்று சொல்ல முடியாது; இலை எடுக்க வரும்போது மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

ஃப்ளெக்ஸால் போனவரை ஃப்ளெக்ஸால்தான் கொண்டுவர வேண்டும் என்பது விக்ரமின் யோசனை. வீட்டு ஹாலைப் படமெடுத்து, சோபாவுக்கு முன்னால் அழகுராஜாவை நிறுத்தி அடித்துக் கொடுத்தான். ஒரு வாரம் தொங்கியது. புது ஃப்ளெக்ஸ் வாடையைத் தவிர எதுவும் வரவில்லை. டீச்சர் அதன்முன் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“விக்ரம், எங்க வீட்டுக்குள்ள அந்த மனுசன் ஒருநாளும் கும்பிட்டதில்ல. இது யாரு வீட்டுக்கோ ஓட்டுக் கேக்க வந்த ஆளு.”

“வேற போட்டோ குடுங்க டீச்சர், ஒட்டித் தாரேன்.”

வேறு போட்டோ இல்லை. அழகுராஜாவின் போனில் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கும்பிட்டார், அல்லது சால்வை வாங்கினார், அல்லது சால்வை வாங்கிக்கொண்டே கும்பிட்டார். கடைசியில் ரோகிணியின் பழைய போனில் ஒன்று அகப்பட்டது. எதையோ எடுக்கப் போய்த் தவறி விழுந்த படம். லுங்கியும் ஓட்டைப் பனியனுமாக, சாப்பாட்டு மேஜையில், ரசம்சோற்றுக் கையோடு டிவியைப் பார்த்து வாய்பிளந்து உட்கார்ந்திருந்தார். டை அடிக்காத தலை. பக்கத்தில் பாதி கடித்த அப்பளம்.

இதைக் கேள்விப்பட்டு பாசறை மொத்தமும் வீட்டுக்கு வந்துவிட்டது.

“டீச்சர், இந்தக் கோலத்துல அண்ணனை மூணாவது ஸ்டாப்புல தொங்கவிட்டா எங்க மானம் என்னத்துக்கு ஆகும்? எதிர்க்கோஷ்டிக்காரன் காறித் துப்புவான்” என்றார் பேச்சிமுத்து.

“துப்பட்டும். ஒங்களுக்கு வேணுங்கிறது அவரு சட்டைதான? பீரோவுல இருபத்திரெண்டு இருக்கு, எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஆளு வேணும்.”

“அண்ணன் பனியில நிக்கிறதே ஒரு கெத்து டீச்சர். அம்புட்டுத் தூரம் நம்மூர்க்காரன் எவன் போயிருக்கான்?”

“வாஸ்தவந்தான். போன ஆளு போட்டுக்கிட்டு இருக்கிற காலு யாருதுன்னு ஒங்கள்ல ஒருத்தராச்சும் கேட்டீங்களா?”

 விக்ரமுக்கு வேறு சிக்கல் இருந்தது. எழுத்தே இல்லாமல் அவன் இதுவரை ஒரு ஃப்ளெக்ஸும் அடித்ததில்லை. “‘இதயதெய்வம்’னாச்சும் போடுவோம் டீச்சர், வெறும் படமா இருந்தா இறந்துட்டாருன்னு நெனச்சிருவாங்க.” டீச்சர் யோசித்து, இரண்டே சொல் எழுதிக் கொடுத்தார்: ‘வீட்டில் இருக்கிறார்.’

ஆடி பதினெட்டு அன்று, அதே இடத்தில், அதே அளவில் அது ஏறியது. திருநகர் சிரித்தது; பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எதிர்க்கோஷ்டிக்காரர் இறங்கிவந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். சாயங்காலம் ஃப்ளெக்ஸிலிருந்து ரசம் சொட்டியது. மிளகு தூக்கல் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை ஏழேகாலுக்கு செல்லக்கிளி டீச்சர் கீழே வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் லுங்கியும் பனியனுமாக அழகுராஜா உட்கார்ந்திருந்தார். தலைமுடியில் பனி. “கொஞ்சம் மோரு ஊத்து, செல்லம்” என்றார். மூன்றாவது ஸ்டாப்பில் காலி நாற்காலியும் பாதி அப்பளமும் மட்டும் தொங்கின.

அவருக்கு எதுவும் நினைவில்லை. நயாகரா என்றால் என்ன என்று கேட்டார். ஒரே ஒரு குறை: வலது கை காயவில்லை. படத்தில் இருந்தபடியே ரசம்சோற்றுக் கையாகவே இருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் துடைத்துத் திரும்புவதற்குள் விரலிடுக்கில் பருக்கை வந்துவிடும். டாக்டர் மருந்து எழுதவில்லை. ஒரு துண்டு கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னார். மனை வியாபாரம் படுத்துவிட்டது. அந்தக் கையால் கும்பிட முடியாதல்லவா. பாசறை இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, மூன்றாவது முறை வரவில்லை. டீச்சர் சோழவந்தானுக்குப் போய் அளவெடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஆவணி ஐந்தாம் தேதி, திருமண மண்டபத்துக்கு முன்னால் ஒரு ஃப்ளெக்ஸ்கூட இல்லாமல் ரோகிணியின் கல்யாணம் நடந்தது. பனி கொட்டியதை நம்பியவர்களில் பலர் இதை இன்றுவரை நம்பவில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகக் காளை வெற்றிலைக் கூடையோடு வந்து டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“படத்துல ஆளைக் காணோம் டீச்சர். குருவிகளையும் காணோம். காலடித் தடந்தான் கெடக்கு.”

“எங்கிட்டுப் போகுது?”

“போகல. இங்கிட்டு வருது.”

டீச்சர் வாசல் பக்கம் பார்த்தார். பன்னீர் தெளிக்கும் மேஜைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை, தங்கக் காப்பு, ஆரஞ்சு நிறக் கால்சட்டை, பூட்ஸோடு ஒருவர் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இமைக்கவில்லை. சிரிப்பு அடங்கவில்லை. நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள்; மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு மாமன்முறை என்று நினைத்தார்கள். பேச்சிமுத்து மட்டும் ஓடிப்போய் “அண்ணே!” என்று காலில் விழுந்தார். பாசறை மொத்தமும் அவரைச் சூழ்ந்து படம் எடுத்துக்கொண்டது. மேடையில் பட்டுவேட்டி கட்டிக் கையில் துண்டோடு நின்ற அழகுராஜாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தது ரோகிணி ஒருத்திதான். அவளுக்கு அது போதுமாயிருந்தது. டீச்சர் செம்பிலிருந்து நீர் ஊற்ற, அழகுராஜா மகளின் கையைத் தாங்கித் தாரை வார்த்தார். மாப்பிள்ளை முத்துக்குமரனின் உள்ளங்கையில் தண்ணீரோடு கொஞ்சம் ரசமும் இரண்டு பருக்கையும் விழுந்தன. அவர் சட்னியைக் கூடத் துடைத்துவிட்டுச் சாப்பிடும் சுத்தக்காரர்; அன்று கையை உதறவில்லை.

பந்தியில், வாசலில் கும்பிட்டு நின்ற அந்த மனிதரும் உட்கார்ந்தார். இலை போட்டு எல்லாம் பரிமாறினார்கள். கை பிரியாததால் அவரால் சாப்பிட முடியவில்லை. சோற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார், சாம்பார் ஏடு கட்டி உறைந்தது. பேச்சிமுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு படம் எடுத்தார். பந்தி விசாரித்துக்கொண்டு வந்த அழகுராஜா அந்த மனிதர் முன்னால் நின்றார். ஆளை அடையாளம் தெரியவில்லை. “என்னண்ணே, சும்மா உக்காந்திருக்கீக? தூரத்துலேருந்து வாரீகளோ?” என்று கேட்டுவிட்டு, எப்படியும் காயாத அந்தக் கையாலேயே ஒரு வாய் பிசைந்து ஊட்டினார். அந்த வாயிலிருந்து முதலில் குளிர்காற்று வந்தது. பிறகு வாய் மென்றது.

அதன்பிறகு திருநகரிலிருந்து திருமங்கலம் வரை எந்த விசேஷமானாலும் அந்தக் கும்பிட்ட கைக்காரர் வந்து வாசலில் நிற்கிறார். அழைப்பதில்லை, வராமல் இருப்பதுமில்லை. காதுகுத்தென்றால் தாய்மாமனுக்கு முன்னால், வளைகாப்பென்றால் கொஞ்சம் தள்ளி. குழந்தைகள் அவர் பூட்ஸைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு ஓடுகின்றன. கடைசிப் பந்தியில் ஒரு இலை அவருக்குப் போட்டு, வீட்டுக்காரர் யாராவது ஒரு வாய் ஊட்டிவிட வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. அவர் நிற்கிற பக்கத்துக்கு மண்டபக்காரர்கள் ஏசி போடுவதில்லை.