போண்டாவும் நானும், தனியாக

நான் தொட்ட எதையும் முடித்ததில்லை என்பது என் மனைவி வள்ளியின் கட்சி. அதற்கான சாட்சிகள் எல்லாம் எடிசனில் எங்கள் வீட்டு கராஜிலேயே இருக்கின்றன. மூன்று பாட்டு வரை கற்றுக்கொண்ட கிட்டார். ஈரச் சட்டை காயப்போட உதவும் ட்ரெட்மில். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ரொட்டி சுட்டு, அதையும் கடப்பாரையால் உடைக்க வைத்த ரொட்டி மெஷின். இவை அத்தனைக்கும் மேலே, கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கும் பச்சை நிறக் கனூ. போன கோடையில் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் வாங்கிய துடுப்புப் படகு. வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகியும் அது தண்ணீரைப் பார்க்கவில்லை.

இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது போண்டா.

ஜனவரியில் பனி கொட்டிய ஒரு சாயங்காலம், ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடை வாசலில் நின்றிருந்தது. பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும் இருக்கும். ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போன்ற முகம். என் கையிலிருந்த பொட்டலத்தில் இரண்டு போண்டாவைத் தின்றது, காரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைக்கடையாய் நோட்டீஸ் ஒட்டினோம், நாய்க் காப்பகத்திலும் சொல்லி வைத்தோம். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்பதை வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் கடைசியில் வள்ளி தீர்ப்பை வாசித்தாள்.

"ஏனுங்க, உங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்கற ஜிம்முங்கறவருக்குப் பென்சில்வேனியால மூணு ஏக்கர் இருக்குதுன்னீங்கல்ல? அவரு ஒரு நாய் வேணும்னு கேட்டாருன்னீங்கல்ல?"

"கேட்டாரு. ஆனா போண்டா..."

"குடுத்துருங்க. கொஞ்சறது நீங்க, குளிப்பாட்டறது நானுங்களா? பனியில வாக்கிங் கூட்டிட்டுப் போறது நானு, ஊசி போட டாக்டர்கிட்ட ட்ரைவ் பண்றது நானு. எனக்கு வீட்டுல ஒரு ஆளைப் பாத்துக்கவே நேரம் பத்தலைங்க."

அந்த ஒரு ஆள் யார் என்று நான் கேட்கவில்லை.

கெஞ்சினேன். கெஞ்சுவதை மட்டும் நான் பாதியில் விடுவதில்லை. கடைசியில் வள்ளி இறங்கி வந்தாள்.

"சரி. ரெண்டு பகலு, ஒரு ராத்திரி. சோறு, தண்ணி, வாக்கிங், எல்லாம் நீங்க ஒருத்தரே பாத்துக்கோணும். எனக்கு போன் பண்ணக்கூடாது. யாருகிட்டயும் ஹெல்ப்னு போய் நிக்கக்கூடாது. முடிச்சுக் காட்டுனீங்கன்னா நாய் இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா ஞாயித்துக்கிழமை பென்சில்வேனியா."

வீட்டிலேயே இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். முதல் மணி நேரத்திலேயே, "வள்ளி, அதோட தட்டு எங்கே?" என்று கேட்டுவிடுவேன். ஆகவே கேட்க ஆளே இல்லாத இடத்துக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பும் என்று பயந்த ஒய்-டூ-கே வேலையின் புண்ணியத்தில் இரண்டு வருடமாக எடுக்காத லீவு குவிந்து கிடந்தது. கிங்ஸ்டனில் இறங்கினால் பழைய கால்வாய் வழியாக சவுத் பவுண்ட் புரூக் வரை கனூவிலேயே போகலாம். வெள்ளி, சனி. நானும் போண்டாவும் மட்டும்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதுங்களே," என்றாள் வள்ளி.

உண்மைதான். எங்கள் ஊர் கோபியில் என் வகுப்பே வாய்க்காலில் குதித்தபோது, கரையில் உட்கார்ந்து எல்லோருடைய டவுசருக்கும் காவல் இருந்தவன் நான்.

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்குவேன்."

"நாய்க்கு?"

"நாய்க்கு நீச்சல் தெரியும்."

"அப்பச் சரி. ஒருத்தராவது திரும்பி வருவீங்க."

இதில் நான் ஒரே ஒரு தவறு செய்தேன். ஸ்லீப்பிங் பேக் இரவல் கேட்டு பிச்சுமணிக்கு போன் செய்தேன்.

பிச்சுமணி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் காரியதரிசி. ப்ராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும் வரை கம்பெனி அவரை 'பெஞ்சில்' உட்கார வைத்திருந்த காலம் அது. நேரமும் புது கேம்கார்டரும் ஒன்றாகக் கையில் இருக்கிற மனிதரிடம் ரகசியம் சொல்லக்கூடாது. அன்று மாலையே சங்கத்தின் ஈமெயில் பட்டியலில் செய்தி போய்விட்டது: 'நம் வெங்கடாசலம் தனியாகப் படகில் போகிறார். வழியில் அவருக்குச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?'

வெள்ளிக்கிழமை காலை கனூவைப் பழைய கரோலாவின் தலையில் கட்டிக்கொண்டு கிங்ஸ்டன் போனேன். திரும்பி வந்து காரை எப்படி எடுப்பது என்று யோசிக்கவில்லை. யோசித்துச் செய்பவன் கிட்டாரே வாங்கியிருக்க மாட்டான்.

போண்டா ஒரே தாவலில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தது. நான் பின்பக்கம் உட்கார்ந்தேன். உடனே படகின் மூக்கு வானத்தை நோக்கிக் கிளம்ப, போண்டா ராக்கெட் முனையில் உட்கார்ந்த மாதிரி மேலே போய், என்னைக் கீழே பார்த்தது. துடுப்பை இடது பக்கம் போட்டேன், படகு வட்டமடித்தது. வலது பக்கம் போட்டேன். மறு திசையில் வட்டமடித்தது. காலைநேரத்தில் ஓட வந்த அமெரிக்கத் தாத்தா ஒருவர் நின்று, "ப்யூட்டிஃபுல் டே!" என்றார். வேறு எதையும் அவரால் பாராட்ட முடிந்திருக்காது.

அரை மணியில் பிடிபட்டது. நடுவே நகர்ந்து முழங்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக ஒரு தள்ளு தள்ளினேன். கனூ நேராகப் போயிற்று. சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. ஐயோ, அந்த நிமிஷம்! நாற்பத்தோரு வயதில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன். போண்டாவும் கத்தியது. இலை விடாத மரங்களின் நுனியில் சிவப்பாக மொட்டுப் பொடி தூவியிருந்தது. கரையெல்லாம் ஃபோர்சித்தியாப் பூக்களின் மஞ்சள். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் பதினொரு ஆமைகள், லைசென்ஸ் ஆபீஸ் க்யூ மாதிரி வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்ந்தன. நாங்கள் நெருங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. போண்டா ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை குரைத்தது, ஒன்றையும் விடாமல்.

"டேய், நாம லீவுல இருக்கோம்டா!" என்றேன். வால் படகின் ஓரத்தில் தாளம் போட்டது.

கிரிக்ஸ்டவுன் மதகு வந்தது. அந்தக் காலத்தில் சரக்குப் படகுகளை ஏற்றி இறக்கியது. இப்போது மூடிக் கிடக்கிறது. படகைத் தூக்கிக்கொண்டு கரை வழியே சுற்றி நடந்து மறுபக்கம் இறக்க வேண்டும். அங்கே பாலத்துக்கு அருகில் கேம்கார்டரோடு பிச்சுமணி நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஷ்யாமளா, கையில் சூடு ஆறாத ஹாட் பேக் டப்பாவோடு.

"வெங்கட்! இந்தப் பக்கம் பாத்து ஒரு கை ஆட்டுங்கோ!"

"பிச்சுமணி, நான் தனியா வந்திருக்கேன்."

"தனியாத்தானே இருக்கேள்? நாங்க சும்மா பாத்துண்டிருக்கோம். இருங்கோ, அந்த முனையை நான் பிடிக்கிறேன்."

"தொடாதீங்க!" என்று அலறினேன். பந்தயத்தை விளக்கினேன். ஹெல்ப் என்று ஒரு விரல் பட்டாலும் போண்டா பென்சில்வேனியா போய்விடும் என்றேன். பிச்சுமணி மின்சாரக் கம்பியைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"சாப்பாடு ஹெல்ப்ல வராது," என்றாள் ஷ்யாமளா, தீர்மானமாக. "அது மரியாதை. நாலு இட்லி. சாப்பிடாம போகப்படாது."

மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெய் மினுங்கிய இட்லிகள். சட்டத்துக்கு அவள் சொன்ன விளக்கம் எனக்குச் சரியாகவே பட்டது. ஆறு சாப்பிட்டேன். போண்டாவுக்கு மட்டும் என் பையிலிருந்து நானே சோறு வைத்தேன். பிறகு கனூவைத் தலையில் தூக்கி, பத்தடிக்கு ஒரு முறை இறக்கி, முக்கால் மணி நேரத்தில் மதகைக் கடந்தேன். பிச்சுமணி முழுவதையும் படம் எடுத்தார். 'விடாதீங்கோ, விடாதீங்கோ' என்று அவர் சொன்னது படகையா, நழுவிய என் பேண்ட்டையா என்று கேட்கவில்லை.

அன்றிரவு கால்வாயோரம் ஒரு குதிரைப் பண்ணையில், முன்பே சொல்லி வைத்த இடத்தில் கூடாரம். குளிர் தாங்காமல் ஒரே ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு பேரும் படுத்தோம். குறட்டை விட்டது யார் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

சனிக்கிழமை காலை நான் வேறு மனிதன். துடுப்பு என் பேச்சைக் கேட்டது. பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. இன்னும் ஆறு மைல்தான். பிளாக்வெல்ஸ் மில்ஸ் பாலத்தைத் தாண்டும்போது வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றை முடிக்கப் போகிறேன் என்று தோன்றி, துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டேன்.

அப்போதுதான் வாத்து வந்தது.

வாத்து என்றால் நம்மூர் வாத்து இல்லை. கறுப்புக் கழுத்து, ஆள் உயர இறக்கை, கனடா வாத்து. கரைப்புதரில் முட்டை வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அது கழுத்தை நீட்டி, பாம்பு மாதிரி சீறிக்கொண்டு தண்ணீர்மேல் ஓடி வந்தது.

"எக்ஸ்க்யூஸ் மீ," என்றேன். பயத்தில் எனக்கு மரியாதை வந்துவிடும்.

போண்டாவுக்கு வரவில்லை. என் மேல் பாய வந்த வாத்தின் மேல் போண்டா பாய்ந்தது. கனூ கவிழ்ந்தது. ஐஸ் தண்ணீர் காதில் புகுந்தது. "காப்பாத்துங்க!" என்று தமிழில் கத்தி, கைகால் உதைத்து, கடைசியில் நின்று பார்த்தால் தண்ணீர் இடுப்பளவு. வாத்து கரையேறிக் காட்டுக்குள் ஓடியது. பின்னாலேயே போண்டா.

"போண்டா! வா! டேய்!"

வரவில்லை.

படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுத் தேடினேன். ஒரு ஷூ சேற்றோடு போய்விட்டது. முள், கல், சரளை எல்லாவற்றிலும் ஓடினேன். ஒரு மணி நேரம். வாத்து திரும்பி வந்து முட்டைமேல் உட்கார்ந்துவிட்டது; என் நாய் வரவில்லை. அந்தப் பக்கம் கார்கள் விரையும் சாலை. ஒவ்வொரு முறை ஹார்ன் கேட்கும்போதும் சாலையோரத்துக்கு ஓடிப் பார்த்தேன்.

தேடிக்கொண்டே அடுத்த பாலம் வரை நடந்துவிட்டேன். அங்கே பிச்சுமணியின் கார். சனிக்கிழமை ஆகையால் இன்னும் நான்கு கார்கள், நான்கு குடும்பங்கள், ஒரு பானை பொங்கல். நான் சொட்டச் சொட்ட வந்து நின்றதைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். ஆனால் ஒருவரும் கிட்டே வரவில்லை. பந்தயம் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

போண்டா ஓடிப்போனதைச் சொன்னேன். பிச்சுமணி கேம்கார்டரைத் தாழ்த்தினார். "வெங்கட், நான் எதையும் பாக்கலை. நீங்களே தேடிக் கண்டுபிடிச்சுடுங்கோ. நாங்க தேடினா பந்தயம் போயிடும்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

"பந்தயம் கிடக்கட்டும் பிச்சுமணி. பென்சில்வேனியாலயாவது உயிரோட இருக்கட்டும். தேடுங்க. எல்லாரும் தேடுங்க. உங்க செல்போனைக் குடுங்க."

எந்த நம்பருக்குப் பண்ணக்கூடாதோ அதற்கே பண்ணினேன்.

"வள்ளி, போண்டாவைக் காணோம்."

"எந்தப் பாலமுங்க?" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த அரை மணி நேரம் நியூ ஜெர்சியின் அந்த அமைதியான கால்வாய்க்கரை காணாத காட்சியைக் கண்டது. பட்டுப்புடவையும் ஸ்னீக்கருமாக ஷ்யாமளா, ஸ்வெட்டர் போட்ட மாமாக்கள், அவர்களுடைய பிள்ளைகள், எல்லோரும் வரிசையாக, "போண்டா! போண்டா!" என்று கூவிக்கொண்டு புதர் புதராக நடந்தார்கள். சைக்கிளில் வந்த பெண்மணி நின்று, எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் வந்து இறங்கிய எங்கள் சங்கத்து நஞ்சுண்டன் மாமா நிதானமாக, "உருளைக்கிழங்கு போண்டா, மேடம்," என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். அவருக்கு நாய் விஷயம் சொல்லப்படவில்லை.

வள்ளி வந்தாள். நைட்டிக்கு மேல் என் கோட்டு, வீட்டுச் செருப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பாலத்தின் நடுவில் போய் நின்று, வீட்டில் ஏழு மணிக்குக் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள்.

"டேய்! சோறு ஆறுது, வர்றியா இல்லியா?"

அந்தக் குரலுக்கு நானே இரண்டடி எடுத்து வைத்துவிட்டேன். பாலத்துக்கு அடியில், பழைய குழாய் ஒன்றுக்குள்ளிருந்து, சேறும் முள்ளுமாக ஒரு நாய் வெளியே வந்தது. வாத்திடம் வாங்கிய குத்து மூக்கில் சிவந்திருந்தது. என்னைக் கடந்து நேராகப் போய் அவள் செருப்பின் மேல் உட்கார்ந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கண்ணை மறைத்தது. கால்வாய்த் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

"தோத்துட்டேன் வள்ளி," என்றேன். "ஹெல்ப் கேட்டேன். போனும் பண்ணிட்டேன். இட்லியும் சாப்பிட்டேன். நாளைக்கு ஜிம்கிட்ட..."

அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரளைக்கல்லில் கிழிந்து ரத்தம் கசிந்த வெறுங்கால்.

"இதோடயா ஒரு மணி நேரம் ஓடுனீங்க?"

"ஆமா."

கார் டிக்கியிலிருந்து தண்ணீர் பாட்டில் எடுத்தாள். பாலத்துச் சுவரில் என்னை உட்கார வைத்து, கழுவி, தன் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள். ஷ்யாமளா ஏதோ சொல்ல வாயெடுத்து, பிச்சுமணி கிள்ளியதால் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை மைலுங்க?" என்றாள் வள்ளி.

"அஞ்சு இருக்கும்."

"அப்ப முடிச்சுட்டு வாங்க. நாங்க கார்ல வர்றோம்."

"நாங்கன்னா?"

"நானும் போண்டாவும். அது நனைஞ்சு கிடக்குது, ஹீட்டர் போடோணும். அந்த ஜிம்முக்கு நானே போன் பண்ணி, வேற நாய் பாத்துக்கச் சொல்லிக்கறேன்."

பிச்சுமணியின் ஷூவைப் போட்டுக்கொண்டு, நஞ்சுண்டன் மாமாவின் ஸ்வெட்டரில் திரும்பி நடந்து, கரையில் கிடந்த கனூவை நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கினேன். கால்வாயை ஒட்டியே சாலை போகிறது. மரங்களுக்கு நடுவே எங்கள் கேம்ரி மாட்டுவண்டி வேகத்தில் கூடவே வந்தது. முன் சீட்டில், நான் உட்காரும் இடத்தில், துண்டு போர்த்திக்கொண்டு போண்டா. ஜன்னலில் தலையை நீட்டி, துடுப்புப் போடும் என்னை உற்றுப் பார்த்தது. பிறகு, இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்பது போல, ஒரே ஒரு முறை குரைத்தது.