கோடு போட்ட பாம்பு

டாக்டர் பார்த்துக்கொள்ளச் சொன்னது கண்ணிமையைத்தான். சாயங்காலம் வரை அடிக்கடி கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள், இமை தொங்கினால் உடனே கூப்பிடுங்கள் என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சுபாஷ் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பாதித் தூக்கத்தில்தான் இறங்குவான். இன்றைக்கும் அப்படித்தான் வந்து, பாயை உதறாமல் விரித்துப் படுத்தான். படுத்த வேகத்தில் முழங்கையில் சுருக்கென்றது; பாய்க்குள் பாம்பு. இதில் எது தூக்கம், எது விஷம் என்று அவன் மனைவி ராஜலட்சுமி எதை வைத்துச் சொல்வாள்?

பாம்பைப் பார்த்துச் சொல்லலாமென்றால் அதற்குத் தலை இல்லை. பக்கத்து வீட்டு வெங்கடம்மா செங்கல்லால் கழுத்தோடு சேர்த்து நசுக்கியிருந்தாள். மிச்சத்தைப் பிரியாணி டப்பாவில் போட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவளும் அவள்தான். "கட்டுவிரியனேதான் கண்ணு. கறுப்புல வெள்ளைக் கோடு, நான் பாக்காததா?" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணகிரியில் விலங்கியல் படிக்கும் நாத்தனார் ஜெயப்ரியாவுக்குப் போட்டோ அனுப்பியதற்கு, 'லைக்கோடான் ஸ்ட்ரையேட்டஸ்' என்று பதில் வந்தது. பிறகு அவளே கூப்பிட்டாள். ஸ்ட்ரையேட்டஸ் என்றால் கோடு போட்டது என்று அர்த்தமாம். விஷமே கிடையாதாம்.

"விரியனுக்கும் கோடுதானடி?"

"அதுக்குக் கழுத்துக்கிட்ட கோடு இருக்காது அண்ணி, வாலுப் பக்கம்தான் பளிச்சுனு இருக்கும். இதுக்கு நேர்மாறு. கழுத்து தெரியிற மாதிரி இன்னொரு போட்டோ எடுங்களேன்."

கழுத்துதான் இல்லையே. டாக்டரிடம் சொன்னாள். போட்டோவை நம்பி வீட்டுக்கு அனுப்பவும் முடியாது, சும்மா மருந்து ஏற்றவும் முடியாது, உடம்பு காட்டட்டும் என்றார்.

அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். சிவகங்கையில் இருக்கும் மாமியாரின் மூட்டுவலி, புது சூப்பர்வைசரின் நடை என்று கேட்டதையே மறுபடியும் கேட்டாள். அவன் பதில் வரவர ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது.

"தூங்கிறாதீக. ஒரு நாளு எனக்காக முழிச்சிருந்தாத்தான் என்னவாம்?"

"கம்பெனிக்காரனே டீ குடுத்துத்தான்டி முழிக்க வைப்பான்."

நாக்கு குழறவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வெங்கடம்மாகூடச் சிரித்துவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று கீழே போனாள்.

அவள் போன பிறகு ராஜலட்சுமி மறுபடி கண்ணைத் திறக்கச் சொன்னாள். அவன் புருவம் மேலே ஏறியது. இமை அதோடு ஏறவில்லை. அவள் கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிஸ்டரைக் கூப்பிட்டாள். டார்ச்சோடு வந்த நர்ஸ் குனிந்து பார்த்தாள்.

"கைய எடுங்கம்மா. அவரே தொறக்கட்டும்."

ராஜலட்சுமி விரலை எடுக்கவில்லை. விரலுக்கு அடியில் அந்தக் கண், டார்ச் வெளிச்சத்தில், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.