ஏற்றிய கண்ணாடிகள்

"உள்ளயும் கொஞ்சம் துடைச்சிடுங்கக்கா" என்று செம்பாக்கம் வீட்டுக்காரர் கார்ச் சாவியை நீட்டியபோது செல்வமேரி ஈரக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உள்ள வேணாம் சார். வெளிய மட்டும் துடைக்கிறேன்."

"ஏன், குனிய முடியலையா?"

"ஆமா சார், இடுப்பு வலி" என்று பொய் சொன்னாள்.

இடுப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாவி என்றால்தான் பயம். ஐப்பசி வரைக்கும் கோவிலம்பாக்கம் குடியிருப்பில் கார் துடைத்தது அவள்தான். சனிக்கிழமைகளில் முதல் மாடி அனந்தகிருஷ்ணன் தன் புதுக்காரின் சாவியையே அவளிடம் கொடுத்துவிடுவார். மிதியடிகளை உதறி, கண்ணாடிகளை இறக்கி விளிம்பு மண்ணைத் துடைத்து, மறுபடி ஏற்றிப் பூட்டிவிட்டு வருவாள். அந்தச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறுவதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை, சாவியைக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அனந்தகிருஷ்ணன் கீழே வந்து பார்த்தால், திறந்தவெளியில் நின்ற காரின் நாலு கண்ணாடியும் இறங்கிக் கிடந்தன. சீட்டெல்லாம் ஊறி, காலடியில் தண்ணீர் நின்றது. போன் செய்து அவளை வரவழைத்தார்.

"ஏத்திட்டுத்தான் சார் வந்தேன்."

"அப்ப கார் தானா எறக்கிக்கிச்சா?"

அவர் கத்தவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நனைந்த சீட்டின் படத்தைப் போட்டார், அவ்வளவுதான். இனிமேல் வர வேண்டாம் என்று வாட்ச்மேன் ஏசுபாதம்தான் அவளிடம் சொன்னார்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. கண்ணாடியை ஏற்றியது நன்றாக நினைவிருந்தது. ஆனால் அது அந்தச் சனிக்கிழமையா, அதற்கு முந்தைய சனிக்கிழமையா? எல்லாச் சனிக்கிழமையும் ஒரே மாதிரிதானே. யோசிக்க யோசிக்க எல்லாம் குழம்பிப்போனது. பேசித் தெளிய வீட்டில் ஆளில்லை. புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்களாயிற்று. ஆவடியில் கட்டிக்கொடுத்த மகள் கிறிஸ்டினா போனில் சொன்னாள்: "ஒனக்கு மறதி வந்துடுச்சும்மா. கேஸ பாத்து மூடு, தனியா கீற."

அக்கறையாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து செல்வமேரி கேஸை மூடிவிட்டுத் திரும்ப வந்து பார்த்தாள். கதவைப் பூட்டி, தெருமுனை வரை போய், மறுபடி வந்து பூட்டை இழுத்துப் பார்த்தாள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். தன் கையையே நம்ப முடியாமல் ஒற்றை ஆளாய் இருப்பது அவளுக்குப் பயமாக இருந்தது.

மாசி மாதத்தில் ஏசுபாதம் போன் செய்தார். "யக்கா, ஒன் பக்கெட்டு இங்கியே கீது. தூக்கிப் போடச் சொல்றாங்க. வந்து எத்துகினு போ."

போனாள். கேட்டுக்குள் அனந்தகிருஷ்ணனும் மேல்வீட்டு ரோஹிணியும் நின்றிருந்தார்கள். கார் எட்டத்தில் வெயிலில் நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவர் சாவியைத் தூக்கி ஒரு பொத்தானை விடாமல் அழுத்தினார். நாலு கண்ணாடியும் ஒன்றாக இறங்கின.

"சர்வீஸ் விட்ட எடத்துல நேத்துதான் சொன்னாங்க. அன்லாக்கை அப்படியே அமுக்கிப் புடிச்சா போதும், உள்ள இருக்கிற சூடெல்லாம் வெளிய போயிடும். பாக்கெட்ல வெச்சிட்டு சோபால சாஞ்சாக்கூட அமுங்கிடுமாம், ஜாக்கிரதைன்னாங்க."

"சூப்பரா இருக்கே!" என்றாள் ரோஹிணி.

கேட்டோரம் கிடந்த தன் பக்கெட்டைச் செல்வமேரி எடுத்துக்கொண்டாள். பக்கெட்டோடு கிட்டே போனாள்.

"சார், அன்னைக்கும் அப்டித்தான் எறங்கிச்சா?"

அவர் கை தானாகப் பேண்ட் பாக்கெட்டைத் தொட்டது. "இருக்கலாம். இப்ப அதைப் பேசி என்ன? சீட்டெல்லாம் மாத்தியாச்சு."

"அச்சச்சோ, அப்ப இவங்க மறக்கலையா?" என்றாள் ரோஹிணி.

"குரூப்ல போட்டுடறேன்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

செல்வமேரி அவர் முகத்தையே பார்த்தாள்.

"இந்த ஃபீச்சர் நிறைய பேருக்குத் தெரியாது" என்று ரோஹிணியிடம் சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வமேரி மகளுக்குப் போன் போட்டாள். "நான் மறக்கலடி. கண்ணாடிய ஏத்திட்டுத்தான் வந்துகிறேன். சாவியே எறக்கிக்கீது."

"சாவி எப்டிம்மா எறக்கும்? சரி வுடு. கேஸ மூடினியா?"

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினாள். கேஸை மூடினாள். கதவைப் பூட்டினாள். "பூட்டிட்டேன்" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு பக்கெட்டோடு நடந்தாள். தெருமுனையில் ஷேர் ஆட்டோ காத்திருந்தது. ஏறப் போனவள் நின்றாள். ஆட்டோவைப் போகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்தாள்.