பதினைந்தாவது ஆண்டுச் சவாரி

ஆண்டு மலரில் 'நிறுவுநர்' என்ற தலைப்பின் கீழ் விநாயகமூர்த்தி முழுப் பக்கத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். தங்கேஸ்வரிக்குக் கிடைத்தது கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். கையில் ரோல்ஸ் தட்டு.

தமிழர் ஸ்னோமொபைல் கழகம் வெக்ஸ்போர்ட்டில் அவள் வீட்டு கராஜில், பனியில் ஓட்டும் இரண்டு பழைய மெசின்களோடு தொடங்கியது. பனி இருந்தது, ஓடப் பாதை இல்லை. ஒஷாவாவுக்கு வடக்கே வயல்களெல்லாம் யாரோ ஒருவருடைய சொத்து. சொந்தக்காரர் வாயால் சம்மதித்தால்தான் வண்டி உள்ளே போகலாம். வேண்டாம் என்றால் பாதை அன்றே மூடப்படும். பண்ணை பண்ணையாகக் கதவு தட்டியவள் தங்கேஸ்வரி. கழகம் பெருத்தது, பனியைச் சமப்படுத்தும் மெசின் வந்தது, அஜின்கோர்ட் மண்டபத்தில் இராப்போசனமும் வந்தது. ஆனாலும் வருசா வருசம் யோசப் கிழவரிடம் போய்க் கேட்டது அவள் மட்டுமே. அவருடைய வயலைத் தாண்டாமல் வடக்கே போக வழியில்லை.

மலரின் மாதிரிப் பிரதி பொதுக்கூட்டத்துக்கு வந்தபோது, "நிறுவுநர் எண்டு என்ட பேரையும் போடுங்க" என்று கேட்டாள்.

"அக்கா, ரோல்ஸோட உங்கட படம் வடிவாத்தானே வந்திருக்கு!" என்றார் விநாயகமூர்த்தி.

சபை சிரித்தது. வாக்கெடுப்பில் அவளுடைய புருசன் கந்தப்போடியும் விநாயகமூர்த்தி பக்கம் கை உயர்த்தினார்.

"அவன் கோவிப்பான், அதான்" என்றார் காரில்.

அடுத்த ஞாயிறு யோசப்பின் குசினியில் போய் இருந்தாள்.

"ஆண்டுச் சவாரியன்று காலையில் பாதையை மூடிவிடுங்கள். அதுவரை ஒருவருக்கும் சொல்லாதீர்கள்."

"நான் சம்மதம் சொன்னது உனக்குத்தான். மற்றவர்களை எனக்குத் தெரியாது" என்றார் கிழவர். "ஆனால் உன்னாலும் ஓட முடியாதே?"

"பரவாயில்லை."

கழகத்திலிருந்து வேறு யாரும் கிழவரிடம் வரவில்லை. பாதை தானாக முளைக்கிறது என்று நினைத்திருந்தார்கள்.

சவாரி நாளில் வண்டிகள் மரங்களுக்கிடையிலான ஒடுக்கத்தில் வரிசையாக வந்து, கேற்றில் கட்டிய சங்கிலிக்கு முன்னால் நின்றன. அந்தப் பக்கம் யோசப்பும் தங்கேஸ்வரியும்.

விநாயகமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றினார். "என்னக்கா உது? பிரதம விருந்தினர் பின்னால நிக்கிறார்."

"நிறுவுநர் நீங்கதானே. நீங்களே கேளுங்க."

அவர் யோசப்பிடம் போனார். "ஹலோ சேர், ஐ ஆம் த ஃபவுண்டர்."

"ஃபவுண்டர் ஆஃப் வட்?"

விருந்தினருக்கு வைத்திருந்த பொன்னாடையை எடுத்து, சங்கிலிக்கு மேலால் எட்டிக் கிழவரின் தோளில் போர்த்தினார் விநாயகமூர்த்தி. கிழவர் அதைக் கழற்றி, பக்குவமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தங்கேஸ்வரிக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சுக்குள் சூடாக இறங்கியது.

பழைய வண்டிகளுக்கு ரிவேர்ஸ் இல்லை. ஆளாளுக்கு இறங்கிப் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பினார்கள். விருந்தினர் இடுப்பளவு பனிக்குள் இறங்கி நின்றார். தங்கேஸ்வரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

கந்தப்போடி சங்கிலியருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரு தங்கேஸ், என்னையாவது விடு. ஆக்கள் பாக்கிறாங்க."

"நீங்களும் அவங்கட ஆள்தானே. திரும்புங்க."

அவர் குனிந்து தூக்கினார். வண்டி அசையவில்லை. உதவிக்கு யாராவது வருவார்களா என்று பார்த்தார். விநாயகமூர்த்தி அவரைக் கடந்து போய்விட்டிருந்தார். கந்தப்போடி திரும்பவும் குனிந்தார். தங்கேஸ்வரி கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.