அம்மாவை மேட்டுக்கு மாற்றுவது

நகராட்சி அதிகாரி தையல்கடை மேசையில் விரித்த வரைபடத்தில், கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே மூன்று நீலக் கோடுகள் ஓடின. பூமி சூடாகிக் கடல் உயர்ந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்ற கணக்கு. ஒரு கோடு மதிலோடு நின்றது. ஒன்று பாதித் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. மூன்றாவது எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"இதுல எது வரும் தம்பி?" என்று கேட்டார் தையல்காரர்.

"அது யாருக்கும் தெரியாதுங்க ஐயா. முப்பது வருஷம் ஆகலாம், அறுபதும் ஆகலாம். ஆனா உங்க வீட்டம்மா கல்லறைய மாத்துறதுன்னா இந்தக் கோடைக்குள்ள சொல்லிடணும். அப்புறம் மேட்டுக் கல்லறையில இடம் இருக்காது."

அதிகாரி போன பிறகும், வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் வரைபடத்தை மடிக்கவில்லை.

மேட்டுக்கு வாரம் ஒரு பேருந்துதான். ஏற்றத்தைப் பார்த்தாலே தையல்காரரின் முழங்கால் மக்கர் செய்யும். கடற்கரைக்கோ கடையைப் பூட்டிவிட்டு நடந்தால் போதும். தினமும் மாலையில் மனைவியின் கல்லருகே உட்கார்ந்து, அன்று வந்த வாடிக்கையாளர்களை ஒருவர் விடாமல் கிண்டலடித்துவிட்டு வருவார். ஒரு நாளில் அவர் மனம்விட்டுப் பேசுவது அவ்வளவுதான்.

"வருமா வராதான்னே தெரியாத தண்ணிக்குப் பயந்து, தூங்குறவள எழுப்பணுமா? போன வருஷம் கரையில மணல் ஏறித்தான் இருக்கு. போய்ப் பாரு."

"ஏறினது இறங்காதாப்பா?"

"இறங்குறப்போ பாத்துக்கலாம்."

"யாரு பாத்துக்குவா? நீங்க இருக்கமாட்டீங்க. நான்தான் இருப்பேன். கிழவியா அந்த மதில்மேல ஏறி நின்னு, அம்மா எந்தப் பக்கம் போனாங்கன்னு தேடிக்கிட்டிருப்பேன்."

"அப்படியே உங்கம்மா வாய்."

அவள் சிரிக்கவில்லை. "என் கவுனுக்கெல்லாம் உள்ள நாலு விரல் துணி மடிச்சு விட்டுத் தைப்பீங்களே. நான் எவ்வளவு வளருவேன்னு தெரிஞ்சா தைச்சீங்க?"

"அது வேற. நீ வளராட்டியும் துணி உள்ளயே கிடக்கும். யாருக்கும் ஒண்ணும் குறையாது. இதுல எனக்கு..." முடிக்காமல் அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

"என்கூட வந்துடுங்கப்பா."

"உன் மாடி வீட்டுல நான் யார்கிட்டப் பேசுறது? நீயே ராத்திரிதான் வர்ற."

அவர் கட்டைவிரலால் வரைபடத்தில் மனைவியின் இடத்தைத் தேடினார். இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருந்தது.

"மதில்மேல எல்லாம் ஏறாத," என்றார் கடைசியில். "உனக்குச் சின்ன வயசுலயே தலை சுத்தும்."

"அப்பா?"

"மாத்திடச் சொல்லு."

கோடை முடிவதற்குள் மாற்றிவிட்டார்கள். மகளும் ஊருக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை வழக்கம்போலக் கடையைப் பூட்டினார். தெருமுனைவரை கால்கள் தாமாகவே போய், அங்கே நின்றன. அன்று ஒருவர் தொப்பையை எக்கிக்கொண்டு, மூச்சுவிடாமல் அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சொல்லியிருந்தால் மனைவி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பேருந்து சனிக்கிழமைதான். அதற்குள் மறந்துவிடுமோ என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு திரும்பி வந்து, கடையைத் திறந்து விளக்கைப் போட்டார்.