ஆகாரக் கட்டம்

மாத்திரை வண்டியின் சாவி ஜெயப்ரியாவின் கழுத்தில் நீல நாடாவில் தொங்கும். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். அப்போதும் சோப்பு டப்பாவில் வைத்துக் கண் பார்வையிலேயே வைத்திருப்பாள்.

செம்பாக்கம் ஏரிக்கு எதிரே நாலு மாடிக் கட்டடம். வயதானவர்கள் மட்டும் குடியிருக்கும் இடம். இருபத்திரண்டு பேருக்கு மாத்திரை கொடுப்பது அவள் பொறுப்பு. நர்சிங் உதவியாளர்கள் நாலு பேர் இருந்தும் அதற்கான பயிற்சி அவள் ஒருத்திக்குத்தான் கிடைத்திருந்தது. கிடைத்த நாளில் சந்தோஷப்பட்டாள். பிறகுதான் தெரிந்தது, வேறு யாரும் சாவியைத் தொடக் கூடாது என்றால் அவளும் அதைவிட்டு நகர முடியாது என்று. மொட்டை மாடி அறையில்தான் தங்கல். ஞாயிறு மட்டும் வெளியிலிருந்து ஒரு சிஸ்டர் வருவார். அன்று கோவளம் போய், தன் அம்மா அங்காளம்மாவிடம் வளரும் நாலு வயது மகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவாள்.

இதெல்லாம் இன்னும் எட்டு நாள்தான். கேளம்பாக்கத்தில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். ஒண்ணாம் தேதி சேர வேண்டும். சேரும்போது இந்த இடத்தின் ரிலீவிங் லெட்டரும், மேனேஜர் நிகில் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் கையில் இருக்க வேண்டும்.

வண்டி எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஓர் இழுப்பறை. ஆளுக்கு ஒரு தாள், அதில் மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கட்டங்கள். மாத்திரையை விழுங்கினார்களா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகு முதல் கட்டத்தில் 'ஜெ.பி.' என்று எழுத வேண்டும். சர்க்கரை நோய்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் உண்டு. அது ஆகாரக் கட்டம். சர்க்கரை மாத்திரை செய்வது என்னவென்றால், உடம்பைத் தட்டி எழுப்பி, சோறு வரப்போகிறது, இன்சுலினை அனுப்பு என்று சொல்வது. இன்சுலின் வந்துவிடும். பின்னாலேயே சோறு வராவிட்டால், ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையும் அது காலி செய்துவிடும். அதனால்தான் அரைமணிக்குள் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்து இரண்டாவது கையெழுத்து.

ஆனால் காலை ஏழரைக்கு முதல் மாடியில் ஆரம்பித்தால் எட்டரைக்குள் நாலாவது மாடி முடிய வேண்டும். ஒவ்வொருவர் தட்டின் பக்கத்திலும் நின்றால் பத்தரை ஆகும். ஆகவே ஜெயப்ரியா மாத்திரை கொடுத்த கையோடு இரண்டு கட்டத்திலும் எழுதிவிடுவாள். இட்லி எப்படியும் வரும், எல்லாரும் எப்படியும் சாப்பிடுவார்கள். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

ஆடி அமாவாசை அன்று காலை செல்லியம்மாள் அறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். செல்லியம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது. மேடவாக்கத்தில் ஒரு காலத்தில் பயிர் வைத்த குடும்பம். மகன் குமரவேல் அந்த நிலத்தில் அடுக்குமாடி கட்டி விற்றுவிட்டு அம்மாவை இங்கே சேர்த்திருந்தான்.

"இன்னாம்மா, தலைக்குக் குளிச்சிட்டு ஜம்முனு கீறீங்க?"

"எம் புருசன் வர்ற நாளு. சீவிகினு இருக்க வேணாமா?"

"வந்தா ஒரு வார்த்த சொல்லுங்க. அவுருக்கும் எதுனா மாத்திரை வேணுமானு கேக்கலாம்."

"அவுருக்கு இன்னா. நோய் நொடி இல்லாம பறந்துகினு கீறாரு."

செல்லியம்மாள் மாத்திரையை விழுங்கி, கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். ஜெயப்ரியா இரண்டு கட்டத்திலும் எழுதிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தாள்.

பதினோரு மணிக்கு அந்த அறையிலிருந்து மணி அடித்தது. பால்கனி நாற்காலியில் செல்லியம்மாள் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நாற்பத்தாறு. ஜெயப்ரியா குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து வாயருகே கொண்டுபோனாள்.

"வேணாம். காக்கா இன்னும் வர்ல."

"இது மருந்தும்மா. மருந்து வெரதத்துல சேராது. குடிங்க."

குடித்தாள். கால் மணி நேரத்தில் எழுபத்தெட்டு. ஆனால் குளுக்கோஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரையின் வேலை சாயங்காலம் வரை தீராது. அதனால் வயிற்றுக்கு ஏதாவது போயே ஆக வேண்டும். அப்போதுதான் ஜெயப்ரியா சுவர்த் திட்டைப் பார்த்தாள். வாழையிலைத் துண்டில் மூன்று இட்லி காய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால், போன வாரம் புறாத் தொல்லைக்காக நிகில் அடித்த பச்சை வலை. வலைக்கு அந்தப் பக்கம், ஏசி பெட்டியின் மேல், ஒரு காக்கை இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இலையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். வைத்த மறு நிமிஷம் இட்லி இல்லை.

"வந்தாரா?" என்றாள் செல்லியம்மாள், அவள் இறங்கி வந்ததும்.

"வந்தாரு. கூட ரெண்டு பேர இட்டுகினு வந்தாரு. இப்ப நீங்க சாப்டுங்க."

செல்லியம்மாள் சாப்பிடச் சாப்பிட ஜெயப்ரியாவுக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு அமாவாசையும் இட்லி வந்ததும் முதலில் வெளியே போகும். காக்கை எட்டு மணிக்குள் வந்துவிடும். எட்டேகாலுக்கு இந்தம்மா சாப்பிட்டுவிடுவாள். தட்டு காலியாகத் திரும்பும். அந்தத் தாளில் பெயர் இல்லாமல் ஒரு காக்கையும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வலை அதை நிறுத்திவிட்டது. ஜெயப்ரியாவின் பேனா நிற்கவில்லை.

"எம் புள்ளைக்கிட்ட சொல்லாத," என்றாள் செல்லியம்மாள். "காடு கழனி போச்சு, வூடு போச்சு. இது ஒண்ணுதான் கீது. சொன்னா இதையும் நிறுத்திடுவான்."

ஒரு மணிக்கு நிகில் கூப்பிட்டான். மேஜைமேல் செல்லியம்மாளின் தாள்.

"டாக்டர் மிருதுளாகிட்ட பேசிட்டேன். சாப்பிட்டும் நாற்பத்தாறுன்னா சீரியஸ்ங்கறாங்க. கிட்னியா லிவரா தெரியல, அட்மிட் பண்ணிப் பார்க்கணுமாம். அஞ்சு மணிக்கு ஆம்புலன்ஸோட வர்றாங்க."

"சார், அவங்க சாப்புடல."

"சார்ட்ல சாப்பிட்டதா இருக்கே. யார் கையெழுத்து?"

அவள் வலையையும் காக்கையையும் சொன்னாள். நிகில் பொறுமையாகக் கேட்டான்.

"பாருங்க ஜெயப்ரியா, நான் உங்களைப் பிடிச்சு வைக்கல. கட்டத்தை மாத்தினா அது இன்சிடென்ட். இன்சிடென்ட்னா ஹெட் ஆபீஸ் என்கொயரி. மூணு மாசமும் ஆகும். அதுவரைக்கும் லெட்டரும் தர முடியாது, சர்டிபிகேட்டும் தர முடியாது. அது ரூல். மாத்தலைன்னா அந்தம்மாவுக்கு நாலு டெஸ்ட் எடுப்பாங்க, ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிடுவாங்க. நீங்களும் ஒண்ணாம் தேதி போயிடலாம். யாருக்கு என்ன நஷ்டம்?"

மாடிக்குப் போய் உட்கார்ந்து வழி தேடினாள். டாக்டரிடம் தனியாகச் சொன்னால்? அவர் முதலில் கேட்பது கட்டத்தைத்தான். செல்லியம்மாளையே சொல்லச் சொன்னால்? அவள் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாள், அதற்கும் கட்டம் சாட்சி. பேசாமல் விட்டால்? ஆஸ்பத்திரியில் இல்லாத நோயைத் தேடி ஊசி ஊசியாகக் குத்துவார்கள். ஒன்றும் கிடைக்காமல் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த அமாவாசைக்கும் வலை இருக்கும், மாத்திரையும் இருக்கும், மணியை அடிக்கக் கைக்குத் தெம்பு இருக்குமோ என்னவோ. எந்தப் பக்கம் போனாலும் 'ஜெ.பி.' என்ற இரண்டு எழுத்து குறுக்கே நின்றது.

அம்மாவிடமிருந்து போன் வந்தது. "பாப்பாவுக்கு புதுப் பை வாங்கிட்டேன். ஒண்ணாந்தேதிலேந்து எங்கம்மாதான் என்னை ஸ்கூல்ல வுடும்னு குப்பம் பூரா சொல்லிகினு கீறா. தூக்கத்துலயும் அதே பேச்சுதான்."

"சரிம்மா," என்றாள் ஜெயப்ரியா.

நாலரைக்கு அலுவலக அறைக்குப் போனாள். தாளில் தவறைத் திருத்த ஒரு முறை இருக்கிறது. வெள்ளை மை கூடாது, கிறுக்கி மறைக்கக் கூடாது. அடியில் இருப்பது படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு. அவள் ஆகாரக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். ஓரத்தில் எழுதினாள்: 'காலை ஆகாரம் எடுக்கவில்லை. பார்க்காமல் கையெழுத்திட்டேன்.' நேரம், முழுப் பெயர், தேதி.

நிகில் படித்துப் பார்த்துவிட்டு, "எட்டு நாள்தானே இருந்தது," என்றான்.

டாக்டர் மிருதுளா வந்தார், தாளைப் படித்தார், செல்லியம்மாளிடம் இரண்டு கேள்வி கேட்டார். ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பினார். அன்று ராத்திரி வரை மணிக்கொரு தரம் சர்க்கரையைப் பார்க்கச் சொன்னார். இனி அமாவாசையில் சாப்பிட உட்கார்ந்த பிறகே மாத்திரை என்று எழுதினார். குமரவேலுக்கும் போனில் சொன்னார், சொல்லாமல் முடியாது. அவன் போட்ட சத்தம் போனுக்கு வெளியே கேட்டது.

"காட்டிக் குடுத்துட்டியே," என்றாள் செல்லியம்மாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஜெயப்ரியா அடுத்த மாதத் தாள்களை எடுத்தாள். புதிதாக வருகிறவள் எழுதுவாள் என்று ஒதுக்கி வைத்திருந்தவை. நாள்காட்டியில் ஆவணி அமாவாசையைத் தேடி, செல்லியம்மாள் தாளில் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு, 'மொட்டை மாடியில் காக்கை சாப்பிட்ட பின், தட்டு முன்னால் வந்த பின்' என்று எழுதினாள். தாளின் அடியில், 'மாத்திரை கொடுப்பவர்' என்ற இடம் காலியாக இருந்தது. தன் பெயரை எழுதினாள். இருபத்திரண்டு தாளிலும் எழுதினாள்.

ஏழரைக்கு வண்டியைத் தள்ளினாள். செல்லியம்மாள் பேசாமல் மாத்திரையை விழுங்கினாள். நாக்கைக் காட்டினாள். தட்டு வந்தது. ஜெயப்ரியா முதல் கட்டத்தில் மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டு நின்றாள். மேலே மூன்று மாடிகளிலும் ஆட்கள் காத்திருந்தார்கள், பக்கத்து அறையில் யாரோ மணி அடித்தார்கள்.

முதல் இட்லி முடிந்தது. செல்லியம்மாள் நிமிர்ந்தாள்.

"இன்னும் ஏன் நிக்கிற?"

"பாக்கணும்மா."

"பாரு, பாரு," என்று இரண்டாவது இட்லியைப் பிட்டாள் அவள். "நீ எங்க போவப் போற."